முத்துக்கரை மன்னர்கள் – 17: தாய் தடுத்த போர்

பிள்ளைகள் ஒருவர் மீது ஒருவர் படையெடுக்கக் கிளம்பும்போதெல்லாம் அந்தத் தாய் கையில் கத்தியோடு நடுவில் வந்து நின்றாளாம். சண்டையை விடாவிட்டால் வயிற்றைக் கிழித்துக்கொள்வேன், உங்களுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று சொல்லி நின்றாளாம். பிள்ளைகள் வாளை உறையில் போட்டுவிட்டுத் திரும்பினார்களாம். ஒரு முறை இரு முறை அல்ல, பல முறை இப்படி நடந்ததாக எழுதிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அதே இடத்தில் இன்னொன்றையும் சேர்த்து எழுதினார். தாய் கண்ணை மூடியதும் இவர்கள் கட்டாயம் மோதுவார்கள், மோதி அழிவார்கள் என்றார். அவர் சீனத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில் நம் கரையைப் பார்த்தது 1290-களின் தொடக்கத்தில். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பாண்டிய நாட்டில் அண்ணன் தம்பி போர் மூண்டது. போலோ பார்த்தது முந்தைய தலைமுறைச் சகோதரர்களை. போர் வெடித்தது அடுத்த தலைமுறையில். வியாதி மட்டும் அதேதான்.

போலோ அந்தக் கதையைக் கேட்ட ஊர் காயல். முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூர் சாலையில் தெற்கே போனால் இரு புறமும் உப்பளங்கள் விரியும். பாத்திகளில் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்துக் கிடக்கும். பின்னால் துறைமுகத்தின் பளுதூக்கிகள் சிறுத்துக்கொண்டே வரும். பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் பழையகாயல் வந்துவிடும். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலை விலக்கிவிட்டதால் இன்று அது உள்ளடங்கிய சிற்றூர். 1870-களில் கொற்கையிலும் இங்கும் தோண்டிப் பார்த்த கால்டுவெல், சுற்றுவட்டாரம் முழுக்க ஓட்டுச் சில்லுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் இறைந்து கிடந்ததைப் பதிவு செய்தார். போலோ சொன்ன பெருநகரம் இதுதான் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

ஓர் அரச குடும்பத்தின் சண்டையைச் சொல்ல மதுரையிலிருந்து தொடங்காமல் காயலிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. அந்தப் போரை அத்தனை ஆண்டுகள் இழுத்துப் பிடித்த பணம் இந்தக் கரையில் இறங்கிய பணம்.

முத்தும் குதிரையும்

சென்ற இதழில், 1279-ஓடு சோழர் ஆட்சி ஓய்ந்ததையும் போசளர்கள் தமிழ்நாட்டிலிருந்து பின்வாங்கியதையும் பார்த்தோம். இரண்டையும் சாதித்தவன் மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1268-ல் பட்டத்துக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆண்டவன். கொல்லத்தை வென்றான். அவன் தளபதி ஆரியச் சக்கரவர்த்தி ஈழத்தின் யாப்பகூவாவைத் தாக்கிப் புத்தரின் புனிதப் பல்லையே மதுரைக்குக் கொண்டுவந்தான். அதைத் திரும்பப் பெற இலங்கை மன்னன் மூன்றாம் பராக்கிரமபாகு நேரில் பாண்டியனிடம் வர வேண்டியிருந்தது. தென்னாட்டில் அன்று அவனுக்கு நிகரான அரசன் இல்லை.

அந்த வலிமைக்கு அடியில் இருந்தவை முத்தும் குதிரையும். ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை நடந்த முத்துக்குளிப்பில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போனதாக போலோ எழுதுகிறார். சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. மூச்சடக்கிக் கடலடிக்குப் போனவர்கள் நம் பரதவர்கள்.

வந்த பணம் குதிரைகளுக்காக வெளியேறியது. ஹோர்முஸ், கிஷ், ஏடன் துறைகளிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் கணக்குச் சொல்கிறார். அதில் 1,400 குதிரைகள் கிஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் தன் சொந்த லாயத்திலிருந்து அனுப்பியவை. அவர் தம்பி தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டியனுக்கு அமைச்சர். காயல் உள்ளிட்ட மூன்று துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. வழியில் செத்துப்போகும் குதிரைக்கும் விலை கொடுப்பது ஒப்பந்தத்தில் இருந்தது.

வந்த குதிரைகள் நிலைக்கவில்லை. சகோதர அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் போலோ. லாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர்கள் நாட்டில் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். ஒரே அரசன் நாடு முழுமைக்கும் வாங்கவில்லை, சகோதரர்கள் ஆளுக்கு ஆள் தனித்தனியாக வாங்கினார்கள் என்பதையும் இந்தக் கணக்கிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஆளுக்கொரு படை, ஆளுக்கொரு கருவூலம்.

பாகம் பிரியாத அரசு

பாண்டியர் ஆட்சியின் உட்கட்டுமானமே அதுதான். மூத்தவன் மதுரையில் இருப்பான். தம்பிகளோ மகன்களோ வெவ்வேறு பகுதிகளில் அரசர்களாகவே அமர்ந்திருப்பார்கள். இளவரசுப் பட்டம் கட்டிக்கொண்டு முறைக்காகக் காத்திருக்கும் வழக்கம் இல்லை. ‘பஞ்ச பாண்டியர்’ என்று அக்கம்பக்கத்து அரசர்கள் தங்கள் கல்வெட்டுகளில் பெருமையடித்துக்கொண்டது இவர்களை வென்றதாகச் சொல்லித்தான்.

குலசேகரனுக்கு இரண்டு மகன்கள். சடையவர்மன் வீரபாண்டியன், சடையவர்மன் சுந்தரபாண்டியன். வீரபாண்டியனின் ஆட்சியாண்டு 1296–97-லிருந்து எண்ணப்படுகிறது. சுந்தரபாண்டியனுடையது 1303-லிருந்து. தந்தை உயிரோடு அரியணையில் இருக்கிறான், அவனுடைய ஆண்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு கிராமத்துச் சபை இதை எப்படி உணர்ந்திருக்கும் என்று பாருங்கள். கோயிலுக்கு ஒரு மா நிலம் எழுதிக்கொடுக்க வேண்டும். கல்லில் முதலில் வெட்ட வேண்டியது அரசன் பெயரும் அவனுக்கு நடக்கும் யாண்டும். தந்தையின் ஆண்டா, மூத்தவன் ஆண்டா, இளையவன் ஆண்டா? மூவருமே ‘திரிபுவனச் சக்கரவர்த்தி’கள். மூவர் பெயரிலும் ஆணை வரும், மூவர் ஆட்களும் வரி கேட்பார்கள். ஊர் எவன் பெயரைக் கல்லில் வெட்டுகிறதோ அவனே அந்த ஊருக்கு அரசன். குலசேகரன் காலம் முழுதும் இந்த ஏற்பாடு ஓடியது. எல்லாருக்கும் மேலே அவன் ஒருவன் இருந்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது. அப்பா இருக்கும்வரை பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து போல எல்லாரும் அனுபவித்தார்கள். அவருக்குப் பின் எது யாருக்கு என்று எழுதி வைக்கவில்லை.

1310

வஸ்ஸாப் சொல்லும் கதை இது. சுந்தரன் பட்டத்தரசியின் மகன். வீரன் அப்படியல்லாத மகன். ஆனாலும் அறிவும் துணிவும் உள்ளவன் என்று வீரனையே வாரிசாக அறிவித்தான் குலசேகரன். ஆத்திரம் அடைந்த சுந்தரன் தந்தையைக் கொன்று மதுரையில் முடிசூடினான். இது ஹிஜ்ரி 709-ன் இறுதியில் நடந்தது என்கிறார் வஸ்ஸாப். நம் கணக்கில் 1310-ன் முதற்பாதி. பின் ‘தலச்சி’ என்ற ஏரிக்கரையில் இருவரும் மோதினார்கள். வீரன் காயமுற்றான். ஏழு யானைச் சுமை பொன் சுந்தரன் படையின் கைக்குப் போனது. குலசேகரனின் மகள் வயிற்றுப் பேரன் ஒருவன் வீரனுக்குத் துணையாக வந்தான். இம்முறை சுந்தரன் தோற்று, 710-ன் நடுவில் தில்லி சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியிடம் அடைக்கலம் தேடி ஓடினான்.

தந்தையைக் கொன்றவன், துலுக்கப் படையை அழைத்து வந்தவன் என்று சுந்தரபாண்டியன் பெயர் இருநூறு பக்கப் பாடநூல்களிலும் இரண்டு பக்கக் கட்டுரைகளிலும் நிலைத்துவிட்டது. அந்தப் பழியின் வேர் பெரும்பாலும் வஸ்ஸாபின் இந்தச் சில பத்திகள்தான். வஸ்ஸாப் ஈரானின் ஷிராஸ் நகரத்துக்காரர். தமிழ்நாட்டுச் செய்தி குதிரைக் கப்பலேறித்தான் அவரிடம் போயிருக்க வேண்டும்.

தில்லியிலிருந்து எழுதியவர் அமீர் குஸ்ரோ, அலாவுத்தீன் அவைக் கவிஞர். அவர் என்ன சொல்கிறார்? மாபாரில், அதாவது பாண்டிய நாட்டில், இரண்டு அரசர்கள், மூத்தவன் வீரபாண்டியன், இளையவன் சுந்தரபாண்டியன். அதுவரை இணக்கமாக இருந்தவர்கள் இப்போது ஒருவர் மீது ஒருவர் படையெடுத்திருக்கிறார்கள். இவ்வளவுதான். தந்தையைக் கொன்றதாக ஒரு சொல் இல்லை. தன் சுல்தானிடம் ஒரு பாண்டியன் வந்து காலில் விழுந்திருந்தால் அவைக் கவிஞர் அதைப் பாடாமல் விடுவாரா?

தேதிகளையும் ஒட்டிப் பாருங்கள். ஹிஜ்ரி 710-ன் நடுப்பகுதி என்றால் 1310 நவம்பர் வாக்கு. அலாவுத்தீனின் தளபதி மாலிக் கபூரின் படை தில்லியிலிருந்து புறப்பட்டதே 1310 நவம்பரில்தான். தோற்றவன் மதுரையிலிருந்து தில்லி போய்ச் சேர்ந்து, கெஞ்சி, சுல்தான் இணங்கி, படை திரட்டிக் கிளம்ப அங்கே இடமே இல்லை. அதே 1310-ன் தொடக்கத்தில் வாரங்கல்லில் காகதீயரைப் பணியவைத்துத் திரும்பியிருந்த கபூருக்குத் தெற்கே யானையும் பொன்னும் குவிந்து கிடப்பதை ஒரு பாண்டியன் வந்து சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

சுந்தரன் பிற்பாடு தில்லிப் படையோடு சேர்ந்தான் என்பதற்கு உள்ளூர்ச் சான்று உண்டு. அவன் துலுக்கரோடு வந்த காலத்தை ஊரறிந்த ஒரு காலக்குறியாகவே சொல்கிறது திருக்களர் கோயில் கல்வெட்டு ஒன்று. மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாக் கேட்டையும் ஒருவன் தலையில் ஏற்றி வைத்துவிட்டால், அந்தப் போரிலிருந்து நாம் அறிய வேண்டியதை அறியாமலே போவோம். ஒரு துரோகியால் மட்டும் பாண்டிய அரசு விழவில்லை.

காலி நகரங்கள்

சகோதரர்கள் மோதும் செய்தி கேட்டு முதலில் கிளம்பியவன் கபூர் அல்ல, போசள மன்னன் மூன்றாம் வல்லாளன். இரண்டு படைகளும் எல்லையில் நிற்க, காவலற்ற நகரங்களைக் கொள்ளையிடலாம் என்று தெற்கே வந்தான். கபூர் தன் தலைநகர் துவாரசமுத்திரத்தை நெருங்குவது தெரிந்து பாதியில் திரும்பினான். 1311 பிப்ரவரியில் பணிந்து, யானைகளையும் குதிரைகளையும் கொடுத்து உயிர் தப்பினான்.

மார்ச் 10-ல் கபூர் தமிழ்நாட்டை நோக்கி நகர்ந்தான். முதல் குறி வீரபாண்டியன். அவன் நேருக்கு நேர் நிற்கவில்லை. ஊர் விட்டு ஊர் மாறினான், காட்டுக்குள் போனான். பருவம் தப்பிக் கொட்டிய மழை துரத்தியவர்களை நிறுத்தி வைத்தது. வீரன் படையில் முஸ்லிம் வீரர்களும் இருந்தார்கள் என்றும், அவர்கள் கபூரிடம் வந்து சேர்ந்து உயிர் பிழைத்தார்கள் என்றும் குஸ்ரோவே எழுதுகிறார். காயலில் முஸ்லிம் அமைச்சர், படையில் முஸ்லிம் வீரர்கள். அன்றைய பாண்டிய நாடு அப்படித்தான் இருந்தது. இதை மதப்போராக மட்டும் சொல்வோர் இந்த வரிகளைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

ஸ்ரீரங்கத்துக்கு அருகே கண்ணனூர் வரை துரத்தியும் வீரன் அகப்படவில்லை. ஏப்ரலில் கபூர் மதுரைக்குள் நுழைந்தான். அது சுந்தரபாண்டியன் இருந்த நகரம். அவன் அரசியரை அழைத்துக்கொண்டு ஏற்கெனவே வெளியேறியிருந்தான். கோயிலில் இரண்டு மூன்று யானைகள் மட்டும் நின்றன. ஆத்திரத்தில் கோயிலுக்குத் தீ வைத்தான் கபூர். அழைத்தவனாகச் சொல்லப்படுபவனின் ஊரையே அழைக்கப்பட்டவன் எரித்தான்.

ஏப்ரல் 25-ல் படை திரும்பியது. குஸ்ரோவின் கணக்குப்படி 512 யானைகள், 5,000 குதிரைகள், அளவிட முடியாத மணிகள். அந்த அக்டோபரில் தில்லியில் அவை அணிவகுத்துக் காட்டப்பட்டன. காயல் கரையில் நாற்பது ஆண்டுகளாக இறங்கிய செல்வத்தில் பெரும் பங்கு ஒரே கோடையில் வடக்கே போயிற்று.

கபூர் போனான். நாடு முழுதாகத்தான் இருந்தது. ஓர் ஊரில்கூட அவன் ஆளுநரை அமர்த்தவில்லை. இரண்டு அரசர்களும் உயிரோடு இருந்தார்கள். கை கோத்திருந்தால் பத்தே ஆண்டில் மீண்டிருக்கலாம். அவர்கள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

கூப்பிட்டவர்களும் கூப்பிடாமல் வந்தவர்களும்

அடுத்துத் தெற்கிலிருந்து வந்தான் வேணாட்டு மன்னன் ரவிவர்மன் குலசேகரன். பாண்டிய இளவரசியை மணந்த மருமகன். வீரபாண்டியனை முறியடித்தான். வடக்கே காஞ்சிவரை ஏறி, வேகவதிக் கரையில் 46-ஆம் வயதில் முடிசூடிக்கொண்டதாகக் காஞ்சி அருளாளப் பெருமாள் கோயிலில் கல்வெட்டே வெட்டி வைத்தான். கொல்லத்துக்காரன் ஒருவன் காஞ்சியில் முடிசூடும் அளவுக்கு இடைப்பட்ட நாடு திறந்து கிடந்தது.

1316-ல் காகதீயத் தளபதி முப்பிடி நாயக்கன் காஞ்சியைப் பிடித்தான். மறு ஆண்டு இன்னொரு காகதீயத் தளபதி தேவரி நாயக்கன் தெற்கே இறங்கினான். வீரபாண்டியனையும் ரவிவர்மனையும் திருவடிக்குன்றத்தில் வென்று சுந்தரபாண்டியனை வீரதவளத்தில் மீண்டும் அமர்த்தியதாக அவனுடைய ஸ்ரீரங்கக் கல்வெட்டு சொல்கிறது. கூர்ந்து பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் வீரனை விரட்டிய ரவிவர்மன் இப்போது வீரனோடு ஒரே அணியில் நிற்கிறான். பகைவன் நண்பனாகிறான், அடுத்த வீட்டான் அரசனை நியமிக்கிறான். அண்ணனும் தம்பியும் மட்டும் எதிரெதிரே நிற்பது மாறவில்லை.

1318-ல் தில்லியிலிருந்து தளபதி குஸ்ரோ கான் வந்தான். ஊரே ஓடியபோது, வருவது சுல்தான் படைதானே, நானும் முஸ்லிம்தானே என்று நம்பி நகரிலேயே தங்கிய ஒரு பெரும் வணிகரின் சொத்தைப் பறித்து அவரையும் கொன்றான் என்று தில்லி வரலாற்றாசிரியர் பரணி வருந்தி எழுதுகிறார்.

1323-ல் உலூக் கான் வந்தான். பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று பெயர் பெற்றவன். வாரங்கல்லை முடித்த கையோடு மதுரையையும் பிடித்தான். இம்முறை கொள்ளையோடு திரும்பவில்லை, நாட்டையே தில்லியின் மாகாணமாக்கினான். அந்த நாட்களில்தான் ஸ்ரீரங்கத்து நம்பெருமாளைப் பல்லக்கில் வைத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியார் தெற்கே புறப்பட்டார். அந்த முதியவர் வழியிலேயே உயிர் நீத்தார். பெருமாள் கோயிலுக்குத் திரும்பியது 1371-ல். அண்ணன் தம்பி சண்டைக்கு இந்தக் கோயில் கொடுத்த விலை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்.

ஏன் முடியவே இல்லை?

வாரிசுப் போர்கள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. ஷாஜகானின் நான்கு மகன்கள் 1657-ல் மோதத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் தாரா கொல்லப்பட்டான், சில ஆண்டுகளில் ஔரங்கசீப் ஒருவனே மிஞ்சினான். துருக்கியில் இரண்டாம் முகமது சுல்தான், அரியணை ஏறுபவன் சகோதரர்களைக் கொல்லலாம் என்று சட்டமே இயற்றினான். கொடுமையிலும் கொடுமை. ஆனால் அங்கெல்லாம் போர் ஒரு முடிவுக்கு வந்தது.

பாண்டியருக்குக் கொலைச் சட்டம் இல்லை. பங்கிட்டு ஆள்வது என்ற, பார்த்தால் அன்பான ஏற்பாடுதான் இருந்தது. அதுவே போரை முடியவிடாமல் செய்தது. சுந்தரனும் வீரனும் அரியணைக்காகச் சண்டையிட்ட இளவரசர்கள் அல்ல. இருவரும் ஏற்கெனவே அரசர்கள். இருவருக்கும் சொந்த ஊர்கள், சொந்தப் படை, சொந்த ஆட்சியாண்டு, தம் பெயரைக் கல்லில் வெட்டிய கோயில்கள் இருந்தன. ஒருவன் ஒரு போரில் தோற்றால் தன் பகுதிக்குப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு, புதிய கூட்டாளியோடு திரும்பி வந்தான். கரையில் இறங்கிய காசு கூட்டாளிகளைக் கொண்டுவந்தது. முழுதாக வெல்லவும் முடியாமல், முழுதாகத் தோற்கவும் முடியாமல் பதின்மூன்று ஆண்டுகள் ஓடின. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் போசளன், தில்லிக்காரன், வேணாட்டான், காகதீயன் என்று நான்கு திசையும் உள்ளே வந்து போயிற்று.

குலசேகரன் சோழரை வென்றான், ஈழத்தை வென்றான், குதிரை வணிகத்தைக் கட்டி ஆண்டான். தனக்குப் பின் யார், மற்றவனுக்கு என்ன பங்கு, இருவரும் முரண்பட்டால் யார் சொல் கடைசிச் சொல் என்ற மூன்று கேள்விகளுக்கும் இருவரும் ஏற்கும் விடை சொல்லாமல் போனான். வீரன் நல்லவனா, சுந்தரன் கெட்டவனா என்ற வழக்கை நாம் எழுநூறு ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருக்கிறோம். குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியது அந்த விடையில்லாத ஏற்பாட்டை. நாற்பது ஆண்டு வெற்றிகளைக் கொண்டாடும் நம் வரலாற்று நூல்கள், அந்த மன்னன் செய்யாமல் விட்ட ஒரே வேலையைப் பற்றியும் அதே அளவுக்கு எழுத வேண்டும். பட்டம் யாருக்கு என்று முடிவெடுக்கும் முறை இல்லாத இடத்தில், அந்த முடிவை எடுக்க அந்நியன் வருவான். தேவரி நாயக்கன் வீரதவளத்தில் செய்தது அதைத்தான். உலூக் கான் மதுரையில் செய்ததும் அதைத்தான்.

மதுரை விழுந்தபின் பாண்டிய மரபு தெற்கே ஒதுங்கித் தென்காசிச் சீமையில் இன்னும் பல தலைமுறைகள் வாழ்ந்தது. மதுரையிலோ, தில்லி அமர்த்திய ஆளுநர் ஜலாலுத்தீன் அசன் கான் 1330-களில் தில்லியையே உதறிவிட்டுத் தனி சுல்தானாகப் பிரகடனம் செய்துகொண்டார். அவருடைய மருமகன் உலகம் சுற்றிய ஒரு மொராக்கோக்காரர். பெயர் இபின் பதூதா. மாமனாரின் மதுரையில் அவர் கண்டது என்ன, நம் கரையின் முத்தும் குதிரையும் யார் கைக்கு மாறின என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)